இடுப்பிலிருந்து தொடங்கும் கார்

ஓட்டுநரின் அமர்வுநிலை என்பது ஐந்து இடங்களுக்கிடையே ஏற்படும் ஓர் உடன்பாடு. குதிகால் தரையில் ஊன்றும் இடம், இடுப்பு மூட்டு நிற்கும் இடம், தோள் சாயும் இடம், கை ஸ்டியரிங்கைப் பற்றும் இடம், கண் சாலையைப் பார்க்கும் இடம் ஆகியவையே அந்த ஐந்து. இவற்றுள் ஒன்றை நகர்த்தினால் மற்ற நான்கும் நகர்ந்தாக வேண்டும்; இரண்டோ மூன்றோ இடங்கள் முன்பே வெல்டிங் செய்யப்பட்டு இறுகிவிட்டால், எஞ்சியவை செய்துகொள்ளும் சமரசத்தின் செலவை ஓட்டுநரின் முதுகு கட்டுகிறது. சொந்தமாகக் கார் கட்டுபவர்கள் பெரும்பாலும் எஞ்சினில் தொடங்கி, கியர்பாக்ஸ், சக்கரங்கள், சேஸி என்று முன்னேறி, இருக்கையைக் கடைசியில் மிஞ்சிய இடத்தில் திணிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பதும், இருக்கையின் வசதி மெத்தையில் அல்லாமல் அந்த ஐந்து இடங்களின் பொருத்தத்தில் இருக்கிறது என்பதும் இவ்வுரையில் காட்டப்பட இருக்கின்றன.

வீட்டுக் கொட்டகையில் கார் கட்டும் வழக்கம் வேரூன்றிய நாடு இங்கிலாந்து. 1957இல் காலின் சாப்மன் அறிமுகப்படுத்திய லோட்டஸ் செவன் என்னும் சிறிய திறந்த கார், முழுமையாகக் கட்டிய வண்டியாகவும், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் உதிரிப் பாகங்களின் தொகுப்பாகவும் விற்கப்பட்டது. முழு வண்டிக்கு அன்று விதிக்கப்பட்ட கொள்முதல் வரி உதிரிகளுக்கு இல்லை என்பதே அதற்குக் காரணம். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதால் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர் அதைப் பின்னிருந்து முன்னாகப் படித்துக்கொண்டார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது; கதை எவ்வளவு உண்மையோ, அந்த மனப்பாங்கு உண்மை. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்து இந்தச் சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவனைக் கட்டும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. பின்னர் 1996இல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேயர், 250 பவுண்டுச் செலவில் விளையாட்டுக் கார் கட்டுவது எப்படி என்று விளக்கும் நூலை வெளியிட்டார். செவனை ஒத்த உருவம், ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய்களாலான சேஸி, பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து கழற்றிய எஞ்சினும் அச்சும் என்று அது வகுத்த வழியில் உருவான வண்டிகளுக்கு ‘லோகாஸ்ட்’ என்று பெயர் நிலைத்தது.

இந்த வண்டிகளின் வரைபடங்களில் எழுதப்படாத ஓர் அளவு உண்டு. அது ஓட்டுநரின் உடம்பு. ஒரு குழாயின் நீளம் இத்தனை அங்குலம் என்று வரைபடம் சொல்லும்போது, அந்தக் குழாய்க்குப் பின்னே இத்தனை நீளமுள்ள தொடையும் இத்தனை அகலமுள்ள தோளும் இருக்கின்றன என்ற எண்ணமும் கூடவே வருகிறது; ஆனால் அந்தத் தொடை யாருடையது என்பதை வரைபடம் சொல்வதில்லை. செவனின் இடைவெளிகள் ஐம்பதுகளின் ஒல்லியான பந்தய ஓட்டுநரை மனத்தில் கொண்டவை. உயரமும் அகலமும் மிகுந்த ஒருவர் அதே வரைபடத்தை மில்லிமீட்டர் பிசகாமல் பின்பற்றி, ஓராண்டு உழைத்து முடித்து உள்ளே இறங்கினால், முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டும், தோள் பக்கச் சட்டத்துக்கு வெளியே தொங்கும், கண் விண்ட்ஸ்கிரீனின் மேல் விளிம்புக்கு நேராக நிற்கும். வேலையில் பிழை ஒன்றும் இராது. அவர் வேறொருவருடைய சட்டையைக் கச்சிதமாகத் தைத்து முடித்திருப்பார், அவ்வளவே.

லோகாஸ்ட் கட்டுபவர்களிடையே இதற்கு ஒரு திருத்தம் பிறந்தது. மூல வரைபடத்தைவிட அகலத்தில் 4 அங்குலம், நீளத்தில் 4 அங்குலம், உயரத்தில் 2 அங்குலம் கூட்டி வரையப்பட்ட அந்தச் சேஸி ‘442’ என்ற எண்ணாலேயே அறியப்படுகிறது. கேட்டர்ஹாம் நிறுவனமும் 2000ஆம் ஆண்டில், பழைய சேஸியைவிட ஏறத்தாழ 11 செ.மீ. அகலமான ஒன்றைத் தன் பட்டியலில் சேர்த்தது. அழகு பார்ப்பவர்கள் பழைய குறுகிய உருவமே சிறந்தது என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் காருக்கு வெளியே நின்று பார்க்கும் நேரத்தைவிட உள்ளே அமர்ந்திருக்கும் நேரம் அதிகம் என்பதைக் கட்டுபவர் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

ஆலைகளில் இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறார்கள் என்பதை அறிந்தால், தனியாகக் கட்டுபவருக்கு எது தேவை, எது தேவையில்லை என்பது விளங்கும். பொறியாளர்கள் காரின் உட்புறத்தை ‘ஹெச் பாயின்ட்’ என்னும் புள்ளியிலிருந்து அளக்கத் தொடங்குகிறார்கள். உடம்பும் தொடையும் மடங்கும் இடுப்பு மூட்டின் நடுவே இருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளி அது. மெத்தை அமுங்கிய பிறகு அந்தப் புள்ளி எங்கே நிற்கிறது என்பதைக் கண்டறிய, மனித எடைக்கு ஈடான எடைகள் ஏற்றப்பட்ட, முதுகும் தொடையும் காலும் கொண்ட ஓர் அளவுப் பொம்மையை இருக்கையில் வைத்து அளப்பார்கள். தலைக்கு மேலுள்ள இடம், பெடலுக்கு உள்ள தூரம், கண் நிற்கும் உயரம் எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. அடுத்து, நூறு பெண்களை உயர வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து ஐந்தாவதாக நிற்பவர் முதல், நூறு ஆண்களில் தொண்ணூற்றைந்தாவதாக நிற்பவர் வரை எல்லாரும் அமர முடிய வேண்டும் என்று எல்லை வகுக்கிறார்கள். இருக்கை முன்பின் நகர்வதும், ஸ்டியரிங் ஏறி இறங்குவதும், முதுகுச் சாய்வு மாறுவதும் இந்த எல்லைக்காகவே.

சராசரி மனிதர் ஒருவரைக் கணக்கிட்டு அவருக்காக இருக்கை செய்துவிட்டால் போதாதா என்ற கேள்விக்கு அமெரிக்க விமானப்படை ஐம்பதுகளின் தொடக்கத்தில் விடை கண்டது. 4,063 விமானிகளின் உடல் அளவுகள் எடுக்கப்பட்டன. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற ஆய்வாளர் அவற்றுள் பத்து அளவுகளைத் தேர்ந்து, பத்திலும் சராசரியை ஒட்டி வருபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. உயரத்தில் சராசரியாக இருப்பவருக்குக் கை நீண்டிருக்கும். கை சராசரியானால் தொடை குறுகியிருக்கும். ஆகவே ‘ஐந்தடி எட்டங்குலக்காரருக்குப் பொருந்தும் இருக்கை’ என்ற சொல்லே பொருளற்றது. ஒரே உயரமுள்ள இருவருள் ஒருவருக்கு உயரம் காலிலும் மற்றவருக்கு உடம்பிலும் இருக்கலாம்; முன்னவரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும் அதே காரில் பின்னவரின் தலை கூரையில் இடிக்கும்.

இங்கேதான் தனியாகக் கட்டுபவரின் பெரிய வாய்ப்பு இருக்கிறது. அவருக்கு நூறு பேர் தேவையில்லை. ஓர் உடம்பு போதும், அதுவும் எந்நேரமும் அளவெடுக்கக் கிடைக்கும் உடம்பு. நகரும் தண்டவாளங்களும் மடங்கும் நெம்புகோல்களும் சுமக்கும் எடையையும் செலவையும் விலக்கி, ஒவ்வொரு இடத்தையும் ஒருவருக்கென்றே நிலைநிறுத்த அவரால் முடியும். சாணும் முழமும் உடம்பிலிருந்து பிறந்த அளவுகள் என்பது தமிழர் அறிந்ததே. கொட்டகையில் கட்டப்படும் கார் அந்தப் பழைய அளவுமுறைக்கு மீண்டும் இடம் தருகிறது. வியப்பு என்னவென்றால், இந்தச் சுதந்திரம் கையிலிருந்தும் பலர் அதைப் பயன்படுத்தாமல், பட்டியலில் கண்ட இருக்கையை வாங்கி வரைபடத்தில் கண்ட இடத்தில் போல்ட் போட்டுவிடுகிறார்கள்.

உடம்பு எதை வசதி என்று கொள்கிறது என்பதற்கு உடற்கூற்றிலேயே விடை இருக்கிறது. நிற்கும்போது கீழ்முதுகு உள்நோக்கி இலேசாக வளைந்திருக்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகள் அந்த வளைவிலேயே சுமையைச் சீராகத் தாங்குகின்றன. உட்கார்ந்தவுடன் இடுப்பெலும்பு பின்னோக்கி உருள்கிறது, அந்த வளைவு தட்டையாகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜே கீகன், 1953இல் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு இதைத் தெளிவாகக் காட்டினார்: உடம்புக்கும் தொடைக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 135 பாகையாக இருக்கும்போது தசைகள் இருபுறமும் சமமாகத் தளர்ந்திருக்கின்றன, கோணம் குறையக் குறைய முதுகின் வளைவு அழிகிறது. தொடையின் பின்தசை, உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலைக் கடந்து கீழ்க்காலில் முடிவதால், முழங்காலை நீட்டினாலும் அது இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுக்கிறது.

தாழ்ந்த விளையாட்டுக் கார்களின் தனிச் சிக்கல் இந்தத் தசையில்தான் இருக்கிறது. நாற்காலியில் முழங்கால் மடங்கித் தொங்குவதால் பின்தசை தளர்ந்திருக்கும். செவன் போன்ற வண்டியில் இருக்கை ஏறத்தாழத் தரையில் இருப்பதால் கால்கள் முன்னோக்கி நீட்டியே கிடக்கின்றன. அந்த நிலையில் உடம்பை நிமிர்த்தி உட்கார்ந்தால், கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து சுவரில் முதுகை ஒட்டவைக்க முயல்பவரின் அவஸ்தையே நேரும். அரை மணி நேரத்தில் கீழ்முதுகு கூனிவிடும். இதற்கு இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, உடம்பைப் பின்னே சாய்த்து இடுப்புக் கோணத்தை விரிப்பது. மற்றொன்று, தொடையின் முன்பகுதி உயரும்படி இருக்கையின் அடிப்பரப்பைச் சாய்த்து, முழங்காலை மடங்க வைப்பது. நல்ல தாழ்ந்த இருக்கைகளில் இரண்டும் கலந்தே இருக்கும். ஸ்வீடனின் ஆய்வாளர்கள் எழுபதுகளில் வட்டுகளுக்குள் அழுத்தத்தை நேராக அளந்து, சாய்வு கூடினாலும் கீழ்முதுகுக்குத் தாங்கல் வைத்தாலும் அழுத்தம் குறைகிறது என்று கண்டதும் இதற்கு ஒத்துவருகிறது.

கோணங்களுக்கு எண் வேண்டுவோர்க்கு, பிரெஞ்சு ஆய்வாளர் ரெபிஃபே 1969இல் தந்த வரம்புகள் நல்ல தொடக்கம். முதுகு செங்குத்திலிருந்து 20 முதல் 30 பாகை சாயலாம். இடுப்பில் 95 முதல் 120, முழங்காலில் 95 முதல் 135, கணுக்காலில் 90 முதல் 110, முழங்கையில் 80 முதல் 120 பாகை என்பன அவர் வகுத்த எல்லைகள். சாதாரணக் காரை எண்ணி வகுக்கப்பட்ட இவை, செவனின் தாழ்வில் முழுமையாக நிறைவேறமாட்டா. முழங்கால் கோணம் எல்லையைத் தாண்டத்தான் செய்யும். எதைத் தாண்டுகிறோம் என்று தெரிந்து தாண்டுவதற்காகவாவது இந்த எண்களைக் கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

சாய்வுக்கும் ஒரு விலை உண்டு. 1962இல் வந்த லோட்டஸ் 25 பந்தயக் காரில், காற்றை எதிர்க்கும் முன்பரப்பைக் குறைப்பதற்காக, ஜிம் கிளார்க் குளியல் தொட்டியில் படுத்தவர்போலச் சாய்ந்து ஓட்டினார். உடம்பு அவ்வளவு சாயும்போது சாலையைப் பார்க்கத் தலையை மட்டும் முன்னே தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது; இரண்டு மணி நேரப் பந்தயத்துக்கு, பழகிய கழுத்துக்கு அது தாங்கும், ஊருக்குப் போய்வரும் கழுத்துக்குத் தாங்காது. அதற்கும் முன்னே, 1950இல் முதல் உலகச் சாம்பியனான நீனோ ஃபரீனா கைகளை நேராக நீட்டி, ஸ்டியரிங்கிலிருந்து தள்ளி அமர்ந்து ஓட்டிய பாணி ஒரு தலைமுறையையே கவர்ந்தது. பார்க்க மிடுக்கான பாணிதான். ஆனால் நீட்டிய கையால் சக்கரத்தைத் திருப்பும்போது தோள் இருக்கையை விட்டு எழுகிறது. மறுகோடியில் மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், ஓட்டுநர் மிகவும் சொகுசாக இருந்தால் விழிப்புக் குறையும் என்று கருதியதாகச் சொல்வார்கள். மினியில் பேருந்துபோலப் படுத்த ஸ்டியரிங்கும், சக்கர வளைவு புகுந்ததால் நடுவை நோக்கி ஒதுங்கிய பெடல்களும் அவருடைய வாதத்துக்கு வலுச் சேர்ப்பதாகக் கொள்ளலாம். ஆனால் இடவசதியில் அத்தனை கெட்டிக்காரரான ஒருவரின் சொல்லாயினும், அந்த வாதத்தை வீட்டில் கட்டுபவர் ஏற்க வேண்டியதில்லை.

ஆகவே முதல் குழாயை அறுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒரு மாதிரிக்கூடு கட்டுவது. பிளைவுட் பலகை ஒன்றைத் தரையாகக் கொண்டு, வாங்க எண்ணியுள்ள இருக்கையை, அது இல்லையேல் சாய்வான இரு பலகைகளை, செங்கற்களின் மேல் வைக்க வேண்டும். முன்னே ஒரு கட்டையைக் குறுக்கே அறைந்து மூன்று பெடல்களையும் அட்டையால் வெட்டி ஒட்டலாம். ஸ்டியரிங்குக்கு ஒரு பழைய சக்கரத்தைத் துடைப்பக் கழியின் முனையில் ஆணியடித்து, கழியை ஒரு நாற்காலியின் முதுகில் கட்டிவிடலாம். கியர் லிவருக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் இன்னும் இரு கழிகள் போதும். எஞ்சினும் டிரான்ஸ்மிஷன் டனலும், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டை மூடும் நடுக்கூடும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை அட்டைப்பெட்டிகளால் காட்டிவிட்டால், பார்ப்பதற்குச் சிறுவர் விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தக் கூடு, எந்தக் கணினி வரைபடத்தாலும் சொல்ல முடியாததைச் சொல்லும்.

அந்தக் கூட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுவது பயனற்றது, ஏனெனில் எந்த இருக்கையும் ஐந்து நிமிடத்துக்கு வசதியானதே. ஓட்டும்போது அணியும் காலணியுடனும் மேற்சட்டையுடனும், கைகளைச் சக்கரத்தில் வைத்து, ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். வானொலியில் ஏதேனும் கேட்டுக்கொண்டிருந்தால் உடம்பு தன்னையறியாமல் நகரும். அப்படி நகரும் திசையே குறிப்பு. பிட்டம் முன்னே வழுக்கினால் அடிப்பரப்பின் சாய்வு போதவில்லை. ஒரு தொடை மட்டும் மரத்துப்போனால் பெடல்கள் ஒருபுறம் ஒதுங்கியிருக்கின்றன. தோள் மேலே ஏறி இறுகினால் சக்கரம் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு செங்கல்லையோ ஒரு மரச்சீவலையோ மட்டும் மாற்றி, மாற்றியதைப் பலகையிலேயே பென்சிலால் குறித்துக்கொண்டால், ஒரு வாரத்தில் அந்தப் பலகை ஓர் ஆவணமாகிவிடும். சேஸியின் அளவுகள் அந்தப் பலகையிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

பெடல்களே செவன் வகை வண்டிகளில் மிகுந்த தொல்லை தருபவை. எஞ்சினுக்குப் பின்னுள்ள கியர்பாக்ஸ் உறை நடுவில் அகன்று வருவதாலும், வெளிச்சட்டம் முன்னோக்கிக் குறுகுவதாலும், கால்கள் இறங்கும் பள்ளம் ஒரு குறுகிய குழாய்போல ஆகிவிடுகிறது. அகலமான காலணியுடன் பிரேக்கை மிதித்தால் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அமுங்கும் என்பதால், மெல்லிய பந்தயக் காலணிகளை வண்டிக்கென்றே வைத்திருப்போர் உண்டு. இருக்கையின் நடுக்கோட்டில் ஒரு தூக்குநூலைக் கட்டித் தொங்கவிட்டால், ஸ்டியரிங்கின் மையம் அந்தக் கோட்டிலும், கிளட்சும் பிரேக்கும் அதன் இருபுறமும் ஏறத்தாழச் சமதூரத்திலும் இருக்க வேண்டும். சில சென்டிமீட்டர் பிசகு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இடுப்பு ஒரு திசையிலும் கால் வேறொரு திசையிலுமாக முறுக்கிக்கொண்டு நூறு கிலோமீட்டர் போனபின் முதுகுக்குத் தெரியும்.

பெடலுக்குள்ள தூரத்தைக் கிளட்சை வைத்தே முடிவு செய்ய வேண்டும், காரணம் அடிவரை மிதிக்கப்படுவது அதுதான். முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும்; கால் விறைத்து நீண்டால் இடுப்பு ஒருபுறம் சரியும். பிரேக் வேறுவிதமான கேள்வி. ஐரோப்பிய விதிகள் பயணிகள் காரின் பிரேக் பெடலுக்கு 500 நியூட்டன் வரை விசையை அனுமதிக்கின்றன. அது ஏறத்தாழ 51 கிலோ எடையைக் காலால் தள்ளுவதற்குச் சமம். விசையைப் பெருக்கித் தரும் சர்வோ கருவி இல்லாத வீட்டு வண்டியில் அவசரக் காலத்தில் அதற்கு நெருக்கமாகவே மிதிக்க நேரலாம். அவ்வளவு விசையும் இடுப்பு வழியாக இருக்கையின் முதுகில்தான் போய்ச் சேர்கிறது. முதுகுப்பலகை வளைந்தால் மிதியின் ஒரு பங்கு அந்த வளைவிலேயே வீணாகும். எனவே இருக்கையின் பின்புறம் சேஸியின் குறுக்குக் குழாய் ஒன்றில் உறுதியாகச் சாய வேண்டும். ஓய்வில் இருக்கும் இடதுகாலுக்கு ஓரிடம் ஒதுக்குவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கிளட்சுக்கு இடப்புறம் ஒரு சிறு சாய்பலகைக்கு இடமில்லையென்றால், அந்தக் கால் பயணம் முழுவதும் அந்தரத்தில் நிற்கும்.

ஸ்டியரிங்குக்கு எளிய சோதனை ஒன்று போதும்: தோள் இருக்கையில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு சக்கரத்தின் உச்சியில் படிய வேண்டும். அப்போது பக்கவாட்டில் பற்றும் கை தானாகவே முழங்கையில் மடங்கும். தாழ்ந்த வண்டியில் சக்கரத்தின் அடிவிளிம்பு தொடையில் உரசுவதால் பலர் சிறிய சக்கரத்தை நாடுவார்கள். விட்டம் குறையக் குறைய ஸ்டியரிங் கனக்கும் என்பதை ஏற்றுக்கொண்டே அதைச் செய்ய வேண்டும். சக்கரத்தை விரும்பிய இடத்துக்கு நகர்த்த, ஸ்டியரிங் தண்டை யுனிவர்சல் ஜாயின்ட் என்னும் மடங்கும் இணைப்புகளால் வளைத்துச் செல்லலாம். ஓர் இணைப்பு மட்டும் வளைந்தால் சக்கரம் சீராகச் சுழலாமல் இலேசாக விரைந்தும் தயங்கியும் சுழலும். இரண்டு இணைப்புகளைச் சம கோணத்தில், சரியான நிலையில் பூட்டினால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும்.

இருக்கையைத் தன் உடம்புக்கே வார்த்துக்கொள்ளும் முறை பந்தயக் குழுக்களிடமிருந்து கொட்டகைகளுக்கு வந்தது. இருக்கையின் வெறும் ஓட்டுக்குள் தடித்த பாலிதீன் பை ஒன்று விரிக்கப்படுகிறது. ஓட்டுநர் அதன்மேல் உட்கார்ந்து, கால்களைப் பெடல்களிலும் கைகளைச் சக்கரத்திலும் வைத்துக்கொள்கிறார். உதவியாளர் இரண்டு திரவங்களைக் கலந்து, நுரைக்கத் தொடங்குவதற்குள் பையில் ஊற்றுகிறார். சில நொடிகளில் கலவை பால் பொங்குவதுபோல எழுந்து, முதுகுக்கும் ஓட்டுக்கும் இடையேயுள்ள ஒவ்வொரு சந்திலும் புகுகிறது. முதலில் இளஞ்சூடு, பிறகு நன்றாகவே சூடு தெரியும். பொங்கும் ஃபோம் உடம்பை மேலும் முன்னும் தள்ளுமாதலால், உதவியாளர் தோள்களை அழுத்திப் பிடிக்காவிட்டால், இறுகி முடிந்தபின் ஓட்டுநர் இரண்டு அங்குலம் உயரத்தில் அமர்ந்திருப்பார். கால்சட்டையின் பின்பையில் பணப்பை இருந்தால் அதன் அச்சும் நிரந்தரமாகப் பதிந்துவிடும். மூச்சைப் பிடித்து மார்பை நிமிர்த்தி உட்கார்பவர்க்குக் கிடைப்பது, புகைப்படத்துக்கு நிற்பவரின் இருக்கை. இயல்பாக மூச்சுவிட்டுத் தளர்ந்து அமர்பவர்க்கே ஓட்டும் இருக்கை கிடைக்கும். மொத்தத்தையும் ஒரே முறையில் ஊற்றினால் சூடு எல்லை மீறும் என்பதால், கீழ்முதுகுக்கு முதலில், பக்கங்களுக்குப் பின்னர் என்று பகுதி பகுதியாக ஊற்றுவதே முறை. அந்தத் திரவங்களில் ஒன்றின் ஆவி நுரையீரலுக்குக் கேடானது; காற்றோட்டமும் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஃபோம் எளிதில் தீப்பற்றும் என்பதால் மேலே தீ தாங்கும் துணி போர்த்துவதும் இன்றியமையாதது.

அமர்வுநிலை முடிவானபிறகே பாதுகாப்புப் பட்டைகளின் பிடிப்பிடங்களை வெல்டிங் செய்ய முடியும். தோளுக்கான பட்டைகள் தோளின் மட்டத்திலோ சற்றே தாழ்ந்தோ பின்னே செல்ல வேண்டும்; மிகவும் தாழ்ந்த இடத்தில் பூட்டினால், மோதலின்போது அவை முதுகெலும்பைச் செங்குத்தாக அமுக்கும். இடுப்புப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேலேயே படிய வேண்டும். அதிகம் சாய்ந்த உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கி நழுவும் என்பதால், சாய்வைக் கூட்டும்போதெல்லாம் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணின் உயரமும் அப்படியே: விண்ட்ஸ்கிரீனின் மேல்சட்டம் கண்ணுக்கு நேரே வருவதுபோன்ற எரிச்சல் வேறில்லை. அதற்காக இருக்கையை இறக்கினால் வண்டியின் ஈர்ப்பு மையமும் இறங்கும். வண்டியே 500 கிலோ அளவில் நிற்கும்போது 80 கிலோ ஓட்டுநர் சில சென்டிமீட்டர் இறங்குவது சிறு மாற்றமன்று. தரைத்தகட்டைத் தாழ்த்தி இடம் தேடுபவர் வேகத்தடைகளையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் கட்டும் பந்தயக் கார்களில் இந்தச் சிந்தனை விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1981இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டியின் விதிகளில் ‘பெர்சி’ என்ற செல்லப் பெயருடைய அட்டை மனிதர் ஒருவர் இருக்கிறார். இடுப்புக்கு 200 மி.மீ. விட்டமுள்ள வட்டம், தோளுக்கு அதே அளவில் மற்றொன்று, தலைக்கவசத்துக்கு 300 மி.மீ. வட்டம், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே 490 மி.மீ., தோளுக்கும் தலைக்கும் நடுவே 280 மி.மீ. என்பன அவருடைய அளவுகள். இடுப்பு வட்டத்தின் மையம் பெடலிலிருந்து குறைந்தது 915 மி.மீ. தள்ளியிருக்க, தலை வட்டம் ரோல் பாரின், அதாவது வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளையத்தின், காப்பெல்லைக்குள் அடங்க வேண்டும். குழுவின் ஓட்டுநர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் பெர்சி அமர முடியாத வண்டி ஓட முடியாது. இதே மரபில் வரும் ஃபார்முலா பாரத் போட்டி கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்திருக்கிறது. அந்தத் திடலுக்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையிலேயே கட்டியவர் என்பது இங்கே நினைக்கத் தக்கது.

ஓர் உடம்புக்கென்று கட்டுவதன் உச்சம் வேறோர் இடத்தில் எட்டப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த கார்டன் மரி, அறுபதுகளின் பிற்பாதியில், இருபதைத் தாண்டிய வயதில், செவனை ஒத்த காரொன்றைத் தன் கையாலேயே கட்டிப் பந்தயத்தில் ஓட்டியவர், உயரமான மனிதர். பின்னாளில் அவர் வடிவமைத்து 1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 காரில், ஓட்டுநர் நடுவில் அமர்கிறார். பெடல்களும் ஸ்டியரிங்கும் நகர்வதில்லை. வாங்குபவருக்கு ஏற்ற இடம் எது என்று கண்டு, அங்கே அவை ஆலையிலேயே நிலைநிறுத்தப்பட்டன. உலகின் மிக விலையுயர்ந்த கார்களுள் ஒன்றில் கிடைத்த இந்தச் சலுகை, செங்கல்லும் பிளைவுட்டும் வைத்திருக்கும் எவருக்கும் கொட்டகையில் கிடைக்கிறது.

ஒருவருக்கென்றே கட்டிய வண்டியை மனைவியோ மகளோ ஓட்ட விரும்பினால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. உடம்பும் இருந்தபடி இருப்பதில்லை. முப்பதில் வார்த்த ஃபோமில் ஐம்பதின் இடுப்பு அடங்காது. இதற்கு விடையாக, கழற்றி மாற்றக்கூடிய ஃபோம் உள்ளீடுகள் இரண்டைச் செய்து வைத்துக்கொள்வதும், பெடல் தொகுதியைப் பூட்டும் தகட்டில் ஓர் அங்குல இடைவெளியில் மூன்று வரிசைத் துளைகள் இடுவதும் போதும். துளையிடுவதைச் சேஸிக்கு வண்ணம் பூசுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மாதிரிக்கூட்டின் பென்சில் குறிகள் நிறைந்த பலகையை மட்டும் விறகாக்காமல், கொட்டகைச் சுவரில் சாய்த்து வைப்பது நல்லது. அதில் இரண்டாமவருடைய குறிகளுக்கு மறுபக்கம் காலியாக இருக்கிறது.